கழிப்பறை உள்ளது

சட்டமன்றக் கேள்விகளுக்குப் பதில் தயாரிக்கும் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு, ஓய்வு பெற்ற ஒருத்தி வாழ்த்துச் சொல்லி எழுத வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். வாழ்த்துகள். இனி நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். வாழ்த்தைவிட அது உங்களுக்கு உபயோகப்படும்.

நான் திருச்சியில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். எந்தத் துறை என்பதை விட்டுவிடுகிறேன், பென்ஷன் வாங்குகிறவள். எங்கள் வேலை சுலபமானது. சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் தன் தொகுதியைப் பற்றி அவையில் கேள்வி கேட்பார். அது சென்னையிலிருந்து இறங்கி எங்கள் மேஜைக்கு வரும். நாங்கள் ஒன்றிய அலுவலகத்தைக் கேட்போம், அவர்கள் கிராமத்தைக் கேட்பார்கள், கிராமம் ஏதாவது சொல்லும். அதை நல்ல தமிழில் எழுதி மேலே அனுப்பினால் கடைசியில் அமைச்சர் எழுந்து வாசிப்பார். ஓர் ஊரின் கஷ்டம் இத்தனை கை மாறிப் போவதற்குள் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்து, அவையில் போய் நிற்கும்போது கஷ்டமே இல்லாமல் ஆகியிருக்கும். அதுதான் நம் தொழில்நுட்பம்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அப்போதைய எங்கள் கண்காணிப்பாளர். இருவருக்கும் ஸ்ரீரங்கத்தில் வீடு என்பதால் காலையில் ஒரே பஸ். காவிரிப் பாலத்தில் வண்டிகள் நெருக்கியடித்து நிற்கிற நேரமெல்லாம் எனக்கு வகுப்பு நடக்கும்.

"'ஆம்'னு எழுதினேள்னா, ஏன் இன்னும் செய்யலைன்னு அடுத்த கேள்வி வரும்" என்பார். "'இல்லை'ன்னு மட்டும் எழுதினா சண்டை வரும். 'எழவில்லை'ன்னு எழுதிப் பாருங்கோம்மா, டீ வரும்."

உங்களுக்கும் தெரிந்திருக்கும். உறுப்பினர் கேள்வியை அ, ஆ, இ என்று பிரித்துத்தான் கேட்பார். இன்ன குறை இருப்பதை அரசு அறியுமா, அறியுமாயின் ஆவன செய்யுமா, எப்போது செய்யும் என்று. முதல் கேள்விக்குக் குறையே இல்லை என்று சொல்லிவிட்டால் மற்றவற்றுக்கு 'எழவில்லை' என்று ஒரு சொல் போதும். எழுந்து நின்ற கேள்விகள் எல்லாம் உட்கார்ந்துவிடும்.

நான் நன்றாகப் படித்துக்கொண்டேன். சில வருஷங்களில் கண்காணிப்பாளரே என் வரைவில் ஒரு புள்ளியைக்கூட மாற்றாத அளவுக்குத் தேறிவிட்டேன்.

அந்தச் சமயத்தில் வந்ததுதான் இந்தக் கேள்வி. வையம்பட்டிக்குப் போகிற வழியில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். புதன்கிழமை அங்கே சந்தை. காய்கறி, வெங்காயம், ஆடு, கோழி எல்லாம் வரும். விற்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். அந்தச் சந்தையில் பெண்களுக்குக் கழிப்பறை வசதி இல்லை என்பதை அரசு அறியுமா, அறியுமாயின் கட்டித்தர ஆவன செய்யுமா, எப்போது?

கேட்டவர் முதல் தடவையாகச் சட்டமன்றம் போனவர். எந்தக் கட்சி என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. அதற்கு முன் உர வியாபாரம் பார்த்தவர். பெரிய பேச்சாளர் கிடையாது. அவையில் பேப்பரைப் பார்த்துப் படிப்பார், பக்கம் மாறிவிட்டால் தேடுவார்.

ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஒரு நாளிலேயே அறிக்கை வந்தது, போட்டோவோடு. நீலப் பெயின்ட் அடித்த கட்டடம். சுவரில் 'பெண்கள்' என்று எழுதி, தலையில் பூ வைத்த ஒரு பெண்ணின் முகம் வரைந்திருந்தது. 'கட்டி முடிக்கப்பட்டுத் திறந்து வைக்கப்பட்டது' என்று அறிக்கை சொன்னது. இதைவிட என்ன வேண்டும்? எழுதினேன்:

'(அ) இல்லை. கழிப்பறை உள்ளது. (ஆ), (இ) எழவில்லை.'

கண்காணிப்பாளர் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். டீயும் வந்தது.

சில மாதங்கள் கழித்து, மார்கழியில், அந்த உறுப்பினரே எங்கள் அலுவலகத்துக்கு வந்து நின்றார். கூடக் கூட்டம் இல்லை, டிரைவர் மட்டும். எங்கள் அதிகாரி சென்னையில் மீட்டிங்கில் இருந்தார். கண்காணிப்பாளர் ஸ்ரீரங்கம் கோயிலில் ராப்பத்து உற்சவம் சேவிக்க லீவு போட்டிருந்தார். பிரிவில் பெரிய ஆள் நான்தான். அவர் கையில் என் பதில்.

"இதை எழுதினது யாருங்க?"

எழுதியவர் பெயரைச் சொல்லக் கூடாது என்பது பிரிவின் முதல் விதி. "ஆபீஸ்ல எழுதினதுங்க ஐயா" என்றேன்.

அவர் சுற்றிப் பார்த்தார். இரண்டு மேஜை காலியாக இருந்தது. "இப்ப ஆபீஸ்னா நீங்கதானே?"

நான் எழுந்து அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா, நான் சண்டைக்கு வரல. அந்தக் கழிப்பறை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல. சந்தையில பத்துப் பேரைக் கேட்டேன், அவங்களுக்கும் தெரியல. எழுதினவங்களுக்குத் தெரியும்ல? வர்ற புதன்கிழமை வந்து கொஞ்சம் காட்டுனீங்கன்னா புண்ணியமாப் போகும்."

கிண்டலா, நிஜமாகவே கேட்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். நிஜமாகத்தான் கேட்டார். அதுதான் பயமாக இருந்தது. போகும்போது, இந்தக் கூட்டத்தொடருக்கு அதே கேள்வியை மறுபடி கொடுத்திருப்பதாகவும், புதிதாக ஓர் உட்கேள்வி சேர்த்திருப்பதாகவும் சொன்னார். '(ஈ) கழிப்பறை உள்ளதெனில், அதைத் தற்போது பயன்படுத்துபவர்கள் யார்?'

அதிகாரிக்குப் போன் செய்தேன். "போயிட்டு வாங்க. ஆனா எதையும் ஒத்துக்காதீங்க" என்றார்.

புதன்கிழமை காலையில் வீட்டில் காபி குடித்துவிட்டுக் கிளம்பினேன். சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி, சென்ட்ரல் பஸ் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து இன்னொரு பஸ். வழியில் குடிக்க ஒரு பாட்டில் தண்ணீர். சந்தை வாசலில் அவர் காத்திருந்தார். மரியாதைக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார், மரியாதைக்கு நானும் குடித்தேன். இதையெல்லாம் ஏன் வரிசையாகச் சொல்கிறேன் என்பது கொஞ்ச நேரத்தில் புரியும்.

கட்டடத்தைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை. ஆட்டுச் சந்தைக்குப் பின்னால், கருவேல மரங்களுக்கு நடுவில் மறைந்து இருந்தது. நீலப் பெயின்ட், பூ வைத்த பெண்ணின் முகம், எல்லாம் போட்டோவில் பார்த்தபடியே. எனக்கு ஏதோ பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது. "இதாங்க ஐயா" என்று காட்டினேன்.

"ஆமா, இருக்கு" என்றார் அவர். கதவில் ஒரு பெரிய பூட்டும் இருந்தது. துருப்பிடித்த பூட்டாக இருந்தால் சமாளித்திருப்பேன். எண்ணெய் போட்டுப் பளபளவென்று இருந்தது.

சாவி யாரிடம்? ஊராட்சிச் செயலாளரிடம் என்றார்கள். அவருக்குப் போன் போட்டால், தண்ணீர்த் தொட்டி பார்த்துக்கொள்பவரிடம் என்றார். தொட்டிக்காரர் மணப்பாறையில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். நாதஸ்வரச் சத்தத்துக்கு நடுவே, அது சந்தைக் குத்தகைக்காரரிடம் இருப்பதாகக் கத்தினார். குத்தகைக்காரர் போனை எடுக்கவில்லை. "ஆள் விட்டிருக்கேன், வந்துருவாரு" என்றார் உறுப்பினர்.

இப்படியே பதினோரு மணி ஆகிவிட்டது. காபி, ஒரு பாட்டில் தண்ணீர், டீ. எனக்கு அப்போது ஐம்பத்து நாலு வயது, சர்க்கரையும் உண்டு. பூட்டிய கழிப்பறைக்கு முன்னால் நின்றுகொண்டு, அதன் சாவியைப் பற்றி ஓர் ஆண்பிள்ளையிடம் பேசிக்கொண்டிருந்தேன். என்னால் நிற்க முடியவில்லை. அவரிடம் சொல்லவும் முடியவில்லை. "சந்தையைக் கொஞ்சம் சுத்திப் பாத்துட்டு வரேங்க" என்று நகர்ந்தேன்.

தக்காளி விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் போய்க் குனிந்து மெதுவாகக் கேட்டேன். பெயர் அமிர்தம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். என் வயதுதான் இருக்கும்.

"இங்க லேடீஸ் எல்லாம் எங்கங்க போவீங்க?"

"எங்கயும் போறது இல்லீங்க" என்றார் தக்காளியைத் துடைத்துக்கொண்டே. "விடியக்காலம் வீட்டுல ஒரு தடவை. அப்புறம் பொழுது சாய வீட்டுக்குப் போய்தான்."

"அது வரைக்கும் எப்படிங்க?"

"தண்ணி குடிச்சாத்தானே. வாயை மட்டும் கொப்புளிச்சுக்குவேன்."

பக்கத்தில் முருங்கைக்காய் விற்ற பெண் சொன்னார்: "அக்காவுக்கு ரெண்டு தடவை நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரியில சேத்தோம்ங்க."

"டாக்டர் தண்ணி குடி, தண்ணி குடிங்கிறாரு" என்றார் அமிர்தம். "நல்ல டாக்டருதான். பாவம், அவரு சந்தைக்கு வந்ததில்ல."

அதற்குள் என் முகத்தைப் பார்த்துவிட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. தராசை முருங்கைக்காய்க்காரப் பெண்ணிடம் தள்ளிவிட்டு, தரையில் விரித்திருந்த சாக்கில் ஒன்றை உருவிக்கொண்டு எழுந்தார். சந்தையின் கோடியில் டயர் இல்லாத ஒரு டிராக்டர் டிரெய்லர் கிடந்தது. "பின்னாடி போங்க, நான் நிக்கிறேன். இந்தப் பக்கம் யாரும் வரமாட்டாங்க" என்று சாக்கை இரண்டு கையாலும் அகலமாகப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றார்.

முப்பது வருஷ சர்வீஸ், கழுத்தில் அடையாள அட்டை. அந்தப் பக்கம் மைக்கில் ஆட்டுக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் ஒரு தக்காளிச் சாக்கு மறைவில் நான். அப்போது செல்போன் அடித்தது. சென்னைத் தலைமைச் செயலகம்.

எடுக்காமல் விட்டால் திரும்பத் திரும்ப அடிப்பார்கள் என்று எடுத்தேன்.

"மேடம், அந்தச் சந்தைக் கழிப்பறைக் கேள்வி நாளைக்குப் பட்டியல்ல வந்துருச்சு. மூணு மணிக்குள்ள பதில் வேணும். போன தடவை பதிலையே போட்டுறவா? நல்லாத்தானே இருக்கு?"

"வேண்டாம் சார். பதில் மாறுது."

"மாறுதா? கழிப்பறை இருக்கா, இல்லையா?"

"இருக்கு சார்."

"அப்புறம் என்ன மேடம்? எங்க இருக்கீங்க, ஒரே சத்தமா இருக்கு?"

"கள ஆய்வுல இருக்கேன் சார்" என்றேன்.

அந்தப் பதிலில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. என் சர்வீஸில் அப்படி ஒரு பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.

நான் திரும்பி வந்தபோது சாவி வந்திருந்தது. குத்தகைக்காரரின் ஆள் கதவைத் திறந்தார். உள்ளே தரை முழுக்கப் புது டைல்ஸ். அதன் மேல் கூரை வரைக்கும் வெங்காய மூட்டைகள். குழாய் மாட்டியிருந்தது, ஆனால் அதற்குத் தண்ணீர் இணைப்பே கொடுக்கவில்லை. இணைப்பு வரும்வரை கட்டடம் வீணாக வேண்டாம் என்று குத்தகைக்காரர் எடுத்துக்கொண்டாராம். எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, "திறப்பு விழா முடிஞ்சதுல இருந்துங்க" என்றார் அந்த ஆள் வெள்ளந்தியாக.

குத்தகைக்காரர் யாரென்று உறுப்பினர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும். குத்தகைக்காரர் உறுப்பினரின் கட்சியிலேயே ஒன்றியப் பொறுப்பாளர். தேர்தலில் அவருக்காக அந்தப் பக்கத்துக் கிராமம் முழுக்க அலைந்தவர். இருவரும் சம்பந்தி முறைகூட.

உறுப்பினர் ஒரு மூட்டையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், "அம்மா, பூட்டியிருக்குன்னு எழுதுங்க. தண்ணி இல்லேன்னு எழுதுங்க. மூட்டை விஷயம் எழுதணுமா?" என்றார்.

"நீங்கதான் ஐயா கேட்டிருக்கீங்க. 'தற்போது பயன்படுத்துபவர்கள் யார்?'னு."

அவர் சிரித்துவிட்டார், அழுகிற மாதிரி ஒரு சிரிப்பு. "ஆமா. கேட்டுத் தொலைச்சிட்டேன்."

நான் காத்திருந்தேன். அவர் 'வேண்டாம்' என்று சொல்லியிருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். இதை மறைக்காமல் சொல்கிறேன், என்னை வீராங்கனை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அவர் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார். "எழுதுங்க. பேரை மட்டும் விட்டுருங்க. வெங்காயம்னே எழுதுங்க" என்றார்.

மிச்சம் இருந்தது எங்கள் அதிகாரி. அவர் ஒப்புதல் இல்லாமல் ஒரு வரி போகாது. டீக்கடை ஓரமாக நின்று போன் போட்டேன்.

"'ஆம்'னு எழுதணுமா? உங்களுக்கு என்னம்மா ஆச்சு? போன தடவை நாமதானே 'இல்லை'ன்னு எழுதினோம்?"

அங்கே நான் பார்த்ததைச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். அமிர்தத்தை, ஆஸ்பத்திரியை, டிரெய்லரை. ஆனால் முப்பது வருஷம் இந்த வேலையில் இருந்தவளுக்குத் தெரியும், அதில் ஒன்றும் மேலே ஏறாது. ஒரு விஷயம் உண்மை என்பதற்காக நம் ஆபீஸில் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. பொய்யைவிட அது பத்திரமானது என்று காட்டினால் போடுவார்கள்.

"சார், உள்ள இருக்கிற மூட்டையை உறுப்பினர் போனுல போட்டோ எடுத்துட்டாரு. பழைய பதிலை மந்திரி நாளைக்குப் படிச்சதும் அவரு போட்டோவைத் தூக்கிக் காட்டுனா, மந்திரி யாரைத் திரும்பிப் பாப்பாருங்க?"

"என்ன மூட்டைன்னு சொன்னீங்க?" என்றார்.

"வெங்காயம் சார்."

"பெருசா, சின்னதா?"

"சின்னது சார்."

"சரி, அது வேண்டாம். வெங்காயம்னு மட்டும் போடுங்க" என்று வைத்துவிட்டார்.

போட்டோ நிஜமாகவே எடுத்திருந்தாரா என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். நான் பேசி முடித்த பிறகு அவரிடம் போய், "ஐயா, ஒரு போட்டோ எடுத்து வச்சுக்குங்க" என்றேன். எடுத்துக்கொண்டார்.

டீக்கடையில் உட்கார்ந்து செல்போனிலேயே அடித்து அனுப்பினேன். '(அ) ஆம். கட்டடம் உள்ளது, தண்ணீர் இணைப்பு இல்லாததால் பயன்பாட்டுக்கு வரவில்லை. (ஆ) ஆவன செய்யப்படும். (இ) உடனடியாக. (ஈ) தற்போது வெங்காயம் வைக்கப் பயன்படுகிறது.' சென்னையில் இதைத் திருத்த நேரம் இருக்கவில்லை. மூணு மணி அவசரம் நமக்கும் சில சமயம் உதவும்.

மறுநாள் அமைச்சர் கடைசி வரியைப் படித்ததும் அவையே சிரித்ததாம். அமைச்சரும் சிரித்து, மறைக்க ஒன்றுமில்லை, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன் என்றாராம். எதிர்வரிசைகூட மேஜையைத் தட்டியதாகச் சொன்னார்கள். இத்தனை காலம் முடியாத தண்ணீர் இணைப்பு அன்று சாயங்காலமே முடிந்தது. மூட்டைகள் அதற்கு முன்பே போய்விட்டன. குத்தகைக்காரர் அதன் பிறகு உறுப்பினர் வீட்டு விசேஷம் எதற்கும் போகவில்லை. அடுத்த தேர்தலில் எதிர்க்கட்சிக்காக அதே கிராமங்களில் அலைந்தார் என்று கேள்விப்பட்டேன்.

அமைச்சருக்குப் பாராட்டு. எனக்கு மெமோ. முதல் பதில் தவறானது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். லீவு முடிந்து வந்த கண்காணிப்பாளர் மெமோவை இரண்டு தடவை படித்தார். திட்டுவார் என்று நினைத்தேன். பேனாவை எடுத்து எனக்காக அவரே விளக்கம் எழுதினார். 'முதல் பதிலில் கழிப்பறை உள்ளது என்றே கூறப்பட்டது. திறந்துள்ளது என்று எங்கும் கூறப்படவில்லை' என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம். மெமோ அதோடு முடிந்துபோனது. நன்றி சொன்னேன். "வேண்டாம்மா" என்றார். பஸ்ஸில் அவரிடம் அமிர்தத்தைப் பற்றிச் சொன்னேன். பாலம் தாண்டியதும், "அந்தம்மா எத்தனை வருஷமா அந்தச் சந்தைக்கு வரா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

அடுத்த கூட்டத்தொடரில் அதே உறுப்பினரிடமிருந்து இன்னொரு கேள்வி வந்தது. அந்தக் கழிப்பறையைச் சுத்தம் செய்ய ஆள் நியமிக்கப்படவில்லை என்பதை அரசு அறியுமா? இந்தத் தடவை அறிக்கை கேட்பதற்கு முன்னால் பஸ் ஏறினேன். உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். எல்லாக் கேள்விக்கும் போக முடியாது, ஆபீஸ் விடாது. மாதத்தில் ஒன்றுக்காவது போங்கள். போகும்போது வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள்.

அன்றைக்குச் சந்தையில் அமிர்தத்துக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. "எத்தனை கிலோ போடட்டும்?" என்றார். ஒரு கிலோ வாங்கிக்கொண்டு, இங்கே கழிப்பறை திறந்திருக்கிறதாமே என்று கேட்டேன்.

"ஆமாங்க, எம்எல்ஏ கட்டிக் குடுத்தாரு. தண்ணி வருது, கூட்டத்தான் ஆள் இல்ல. நாங்களே மாத்தி மாத்திக் கழுவி விட்டுக்கிறோம்."

"எம்எல்ஏ எங்க கட்டுனாரு? மந்திரி கட்டுனது" என்றார் முருங்கைக்காய்க்காரப் பெண். "டிவியில அவருதானே சொன்னாரு?"

இருவருக்கும் வாக்குவாதம் முற்றிவிட்டது. கடைசியில் அமிர்தம் என் பக்கம் திரும்பி, "நீங்க படிச்சவங்க மாதிரி இருக்கீங்க, நீங்களே சொல்லுங்க, யாரு கட்டுனது?" என்றார்.

கோப்பு எண் முதல் ஒப்பந்தக்காரர் வரை எனக்குத் தெரியும். "தெரியலீங்களே" என்று சொல்லிவிட்டு, தக்காளிப் பையை அவரிடமே கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். ஆட்டுச் சந்தையைத் தாண்டி நடந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் மூன்று பேர் நின்றார்கள். என் முறை வந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, ஆனால் விழுந்தது.